பத்து வாரக் கல்விப் பயணம்

(பாடாலூரில் கல்லூரி மாணவ மாணவியர் மற்றும் பெற்றோர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

   

வெளிநாட்டுப் பயணம் என்பது நமது மாவட்டத்து மக்களுக்குப் புதிய செய்தியன்று. லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வளைகுடா நாடுகளுக்குச் சென்று உழைத்தவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. விசாவுக்காக நகையை அடகு வைக்கிறோம்; நிலத்தை ஒற்றிக்கு விடுகிறோம்; உறவினரிடம் கடன் கேட்கிறோம். பிள்ளை விமானம் ஏறியதும் கடன் அடையும் நாளை எண்ணத் தொடங்குகிறோம். அந்த உழைப்பினால்தான் பல வீடுகளில் அடுப்பெரிந்தது. பல பெண்மக்களின் திருமணம் நடந்தது. அதனை எவரும் குறைத்து மதிப்பிட முடியாது.

இன்று வேறு வகையான ஒரு வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி உங்களிடம் பேச வந்துள்ளேன். அறிவியல் பயிலும் ஒரு மாணவன் கோடை விடுமுறையில் எட்டு அல்லது பத்து வாரங்கள் அந்நிய நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் தங்கி, ஒரு பேராசிரியரின் கீழ் ஆராய்ச்சி பயின்று திரும்பும் பயணம் அது. இதனைப் பெற்றோரிடம் சொன்னால் உடனே எழும் கேள்விகள் மூன்று: "சம்பளம் எவ்வளவு? வேலை நிரந்தரமாகுமா? இரண்டு மாதத்தில் திரும்பி வருவதற்கு இவ்வளவு தூரம் போவானேன்?"

பிள்ளையின் சம்பாத்தியத்தை நம்பியிருக்கும் தகப்பனார் இப்படிக் கேட்பதில் தவறு காண இயலாது. ஆயினும் அக்கேள்விகளுக்கு விடை தெரியாத காரணத்தால் ஒரு மாணவன் விண்ணப்பத்தைக் கூட எழுதாமல் விட்டுவிடுவானாயின், அது அவனுக்கும் இழப்பு. நமது மஹல்லாவுக்கும் இழப்பு. ஆகவே இன்று அவற்றுக்கு விடை தேடுவோம்.

ஆய்வுப் பயிற்சி என்பது யாது?

மேலை நாடுகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கல்லூரி வகுப்புகள் பெரும்பாலும் நடைபெறுவதில்லை. பாடம் நடத்தும் சுமையின்றிப் பேராசிரியர்கள் ஆய்வுக்கூடத்தில் முழுநேரமும் செலவிடும் காலம் அது. அப்பொழுது இளநிலை, முதுநிலை மாணவர்களை அழைத்து, ஒவ்வொருவரிடமும் ஒரு சிறு கேள்வியை ஒப்படைக்கிறார்கள். ஒரு வேதிப்பொருள் எந்த வெப்பத்தில் சிதைகிறது, ஒரு கிருமி எந்த மருந்துக்கு அடங்குகிறது, ஒரு பாறையின் வயது என்ன என்பன போன்ற கேள்விகள். மாணவன் அளக்கிறான், குறிக்கிறான், தவறினால் மீண்டும் அளக்கிறான். இறுதியில் அறிஞர்கள் முன் நின்று, தான் கண்டதைக் கூறி, அவர்களுடைய கேள்விகளுக்கு விடையளிக்கிறான்.

நமது கல்லூரிகளின் செய்முறை வகுப்பில் விடை முன்னரே புத்தகத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் விடை யாருக்கும் தெரியாது, பேராசிரியருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றின் முன் பொறுமையுடன் நிற்கப் பழகுவதே இப்பயிற்சியின் சாரம்.

இத்தகைய திட்டங்கள் பல நாடுகளில் உள்ளன. கனடாவில் மைட்டாக்ஸ் அமைப்பு நடத்தும் குளோபலிங்க் திட்டத்தில் 12 வாரப் பயிற்சி அளிக்கப்படுகிறது. ஜெர்மனிய கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட், இந்திய மாணவர்களுக்கென்றே வைஸ் என்னும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. ஜெனீவா நகருக்கருகில் உள்ள சேர்ன் அணு ஆராய்ச்சி மையத்திலும், ஜப்பானின் ஒக்கினாவா அறிவியல் தொழில்நுட்பக் கழகத்திலும் மாணவர் பயிற்சிகள் உண்டு. நம்மவர் பலரும் அறியாத மற்றொரு வாய்ப்பு சவூதி அரேபியாவில் உள்ளது. ஜித்தாவுக்கு வடக்கே, செங்கடல் கரையில் துவல் என்னுமிடத்தில் 2009ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மன்னர் அப்துல்லாஹ் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், வெளிநாட்டு மாணவர்களைச் சில மாதகால ஆய்வுப் பயிற்சிக்கு அழைக்கிறது. உழைக்க மட்டுமே நாம் சென்று வந்த மண்ணில் ஆராய்ச்சி பயிலவும் வாசல் திறந்திருக்கிறது என்பதை இளைஞர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

இத்தகைய திட்டங்கள் பலவற்றில் தங்குமிடமோ உதவித்தொகையோ பயணச் செலவோ வழங்கப்படுகிறது. ஆனால் அது சம்பளம் அன்று. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. இதனை முதலிலேயே பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கேள்விக்காக ஒரு மாதப் பயணம்

குறுகிய காலத்திற்காக நெடுந்தூரம் செல்வதா என்று வியப்போருக்கு நமது வரலாற்றிலேயே விடை உண்டு. நபித்தோழர் ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அப்துல்லாஹ் பின் உனைஸ் (ரலி) அவர்களிடம் இருந்த ஒரே ஒரு நபிமொழியை நேரில் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாத காலம் பயணம் செய்து ஷாம் நாட்டை அடைந்தார்கள். போனது ஒன்றைக் கேட்க, கேட்டதும் திரும்பினார்கள். அந்த ஒரு மாதத்தை வீணான காலமென்று எந்த அறிஞரும் கணக்கிடவில்லை. கல்விக்கான பயணத்தின் இலக்கணமாகவே அதனை எடுத்துரைக்கிறார்கள்.

நம் காலத்துச் சான்றும் இருக்கிறது. இராமேஸ்வரத்தில் பிறந்த டாக்டர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் அவர்கள் 1963இல் அமெரிக்காவின் நாசா நிறுவனத்திற்குச் சென்றது, ஆய்வு ராக்கெட்டுகளை விண்ணில் செலுத்தும் நுட்பம் குறித்த சில மாதப் பயிற்சிக்காகத்தான். அவர் அப்போது மாணவர் அல்லர், இளம் பொறியாளர். பயிற்சிச் செய்தியைக் கேட்ட தந்தையார் ஜைனுலாப்தீன் அவர்கள் மகனைப் பள்ளிவாசலுக்கு அழைத்துச் சென்று, நன்றி கூறும் தொழுகைக்கு ஏற்பாடு செய்தார்கள் என்று கலாம் தமது சுயசரிதையில் பதிவு செய்துள்ளார். நிரந்தர வேலைக்காகவோ பெருஞ்சம்பளத்திற்காகவோ அந்தத் தொழுகை நடக்கவில்லை. கற்றுக்கொள்ளக் கிடைத்த ஒரு வாய்ப்புக்காக நடந்தது.

நாசாவின் வாலப்ஸ் ஏவுதளத்தில் வரவேற்புக் கூடத்தில் தொங்கிய ஓர் ஓவியம் அவரை நிறுத்தியது. ஆங்கிலேயருக்கு எதிராக ராக்கெட்டுகளைப் பயன்படுத்திய திப்பு சுல்தானின் படைவீரர்கள் அதில் வரையப்பட்டிருந்தனர். தன் நாட்டவர் மறந்துவிட்ட ஒன்றை அந்நிய நாடு நினைவில் வைத்திருப்பதை அங்கே கண்டார். பயிற்சி முடிந்து அவர் நாடு திரும்பியதை அடுத்து, 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் செலுத்தப்பட்டது. சில மாதப் பயிற்சி ஒரு நாட்டுக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒரு கடிதத்தின் வலிமை

"எங்களை அங்கே யார் அறிவார்?" என்பது மாணவர்களின் கேள்வி. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரையும் ஒரு காலத்தில் எவரும் அறிந்திருக்கவில்லை. 1928இல் ஜெர்மானிய அறிஞர் ஸொம்மர்ஃபெல்ட் சென்னை வந்தபோது, இயற்பியலில் அவர் கற்றவை பழையனவாகிவிட்டன என்பதை எடுத்துச் சொன்னார். அம்மாணவர் மனம் தளரவில்லை. புதியதைப் படித்தார், ஒரு கட்டுரை எழுதினார், 1929இல் முன்பின் அறியாத கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலருக்கு அதனை அஞ்சலில் அனுப்பி வைத்தார். அவ்வாண்டே அக்கட்டுரை இலண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. அப்பொழுது அவருக்கு வயது 18.

1930 ஜூலை இறுதியில் அவர் கப்பலேறினார். அன்னை சீதாலட்சுமி நோயுற்றிருந்த நேரம் அது. மகனைத் தடுக்காமல் போய்வரச் சொன்னவர் அந்த அன்னையே. மறு ஆண்டு மே மாதம் அவர் காலமானார். மகனால் முகம் காண இயலவில்லை. அந்தத் துயரத்தோடுதான் 1931ஆம் ஆண்டுக் கோடையில் சந்திரசேகர் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில், மாக்ஸ் போர்ன் என்னும் பேரறிஞரின் ஆய்வகத்தில் தங்கி ஆராய்ச்சி செய்தார். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டியது.

தாய்மார்களே! கல்விக்காகப் பிள்ளையை அனுப்புவதில் ஒரு விலை இருக்கிறது. அவ்விலையைப் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களே தருகிறார்கள். கற்கச் சென்றவனின் பெயர் வெளியில் தெரிகிறது. அனுப்பி வைத்தவளின் பொறுமையை இறைவன் அறிவான். இன்றோ கைப்பேசியில் தினமும் முகம் பார்த்துப் பேசலாம். பத்தே வாரத்தில் பிள்ளை திரும்பிவிடுவான்.

உலகம் தேடி வந்த மண்

நமது ஊர் சிற்றூர். இங்கிருந்து சென்று நாம் என்ன சொல்லப் போகிறோம் என்று எண்ணாதீர்கள். நம்மை அடுத்துள்ள ஊட்டத்தூரின் பெயர் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றிருப்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? கடல் இப்பகுதியை மூடியிருந்த காலத்தில் படிந்த பாறைகளின் தொகுதிகளை ஊட்டத்தூர்த் தொகுதி, திருச்சிராப்பள்ளித் தொகுதி, அரியலூர்த் தொகுதி என்றே அறிஞர்கள் அழைக்கின்றனர். 1860களில் பிளான்ஃபோர்டு என்னும் ஆங்கிலேயர் இந்தப் பாறைகளை ஆராய்ந்து எழுதினார். ஐரோப்பாவின் மொராவியாவில் பிறந்த ஸ்டோலிச்கா, இங்கே கிடைத்த நத்தை, சங்கு, சிப்பி வகைகளின் கல்லுருவங்களை விரிவாக விவரித்தார்.

நம் ஆலத்தூர் வட்டத்திலேயே உள்ள சாத்தனூரில் சுமார் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மரம் அது என்கின்றனர். 1940இல் அதனைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்ன டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன், தஞ்சை மண்ணில் பிறந்து, இலண்டனில் உயர்கல்வி பெற்று, பின்னர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநராக உயர்ந்தவர். மாடு மேய்ப்போர் உட்கார்ந்து எழுந்த கல்லை, கற்றுத் திரும்பிய கண் மரமென்று அறிந்தது. நம் பிள்ளைகள் வெளியே சென்று கற்று வரவேண்டும் என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுதான். நம் காலடியில் கிடப்பது என்னவென்று நமக்குச் சொல்ல நம்முள் ஒருவர் வேண்டும்.

மாணவர்கள் செய்ய வேண்டியவை

முதலாவதாக, காலம். அடுத்த கோடைக்கான விண்ணப்பங்கள் பல, முந்தைய ஆண்டின் செப்டம்பர் முதல் ஜனவரிக்குள் முடிந்துவிடும். ஏப்ரலில் விழித்தெழுபவருக்கு அவ்வாண்டு வாய்ப்பில்லை. கல்லூரியின் இரண்டாம் ஆண்டிலேயே ஆயத்தம் தொடங்க வேண்டும். பாஸ்போர்ட்டை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக, உள்நாட்டில் தொடங்குங்கள். இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள் இணைந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம், சென்னை ஐ.ஐ.டி.யின் கோடைப் பயிற்சி, மும்பை டாட்டா ஆய்வு நிறுவனத்தின் திட்டம் ஆகியவை உள்ளன. இங்கே ஒரு கோடை பயின்றவனின் விண்ணப்பம் வெளிநாட்டில் தனி மதிப்புப் பெறும். வெளிநாடு கிட்டாது போயினும், ஆராய்ச்சி கற்ற பயன் அவனை விட்டுப் போகாது.

மூன்றாவதாக, கடிதம். ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்புவது திருமண அழைப்பிதழ் விநியோகிப்பதைப் போன்றது. அதற்கு விடை வராது. ஒருவருடைய ஆய்வுக் கட்டுரையை உண்மையாகப் படியுங்கள். அதில் உங்களுக்குப் புரிந்தது என்ன, புரியாதது என்ன, நீங்கள் கற்றிருப்பது என்ன என்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். உங்களை நன்கறிந்த ஆசிரியரிடம் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். பத்துக் கடிதங்களுக்கு ஒரு விடையும் வராமல் போகலாம். அதற்காக நாணமுற வேண்டாம்.

நான்காவதாக, வாய்மை. செய்யாத ஆய்வைச் செய்ததாக எழுதுவது பொய்; காணாத அளவைக் கண்டதாகக் குறிப்பது அதனினும் பெரிய பொய். மதரஸாவில் ஹதீஸ் பயின்றவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரு செய்தியை யார் சொன்னார், அவர் யாரிடம் கேட்டார் என்ற அறிவிப்பாளர் வரிசையை நமது முன்னோர்கள் துருவித் துருவி ஆராய்ந்தார்கள். நபிமொழி அறிவிப்பில் பொய்யுரைத்தவரென்று தெரியவந்தால், அவருடைய அறிவிப்புகளை ஒதுக்கினார்கள். ஆய்வுக்கூடத்தின் குறிப்பேடும் அத்தகையதே. எந்த நாள், எந்தக் கருவி, எந்த அளவு, யார் அளந்தது என்பதை அழிக்காமல் திருத்தாமல் எழுதி வைக்க வேண்டும். எதிர்பார்த்த முடிவு வராவிடினும் வந்ததையே எழுத வேண்டும். அது ஓர் அமானத்.

ஐந்தாவதாக, எச்சரிக்கை. "ஒரு இலட்சம் கொடுங்கள், ஆராய்ச்சிப் பயிற்சி வாங்கித் தருகிறோம்" என்று கூறும் இடைத்தரகர்களை நம்பாதீர்கள். விசா ஏஜெண்டுகளிடம் பணத்தை இழந்த குடும்பங்களின் கண்ணீரை நாம் அறிவோம். அந்தக் கதை கல்வியின் பெயராலும் தொடரக்கூடாது. அழைப்புக் கடிதம் வந்தால், அந்தப் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் பேராசிரியரின் முகவரியைத் தேடி, அதற்கே எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள். திட்டங்களின் நிபந்தனைகள் ஆண்டுதோறும் மாறுவதால் அதே இணையதளத்தில் அவற்றையும் படித்தறியுங்கள்.

மார்க்கம் குறித்த ஐயங்கள்

பிள்ளை போன இடத்தில் தொழுகையை விட்டுவிடுவானோ, ஆகாததை உண்பானோ என்ற அச்சம் பெற்றோருக்கு இயல்பானது. ஒரு சட்டத்தை இங்கே தெளிவுபடுத்துகிறேன். வெளியூரில் இருக்கும் நாளெல்லாம் சுருக்கித் தொழலாம் என்று சிலர் எண்ணுகின்றனர். ஓர் ஊரில் 15 நாட்களோ அதற்கு மேலோ தங்க நிய்யத் செய்தவர் ஹனஃபி மத்ஹபின்படி பயணி அல்லர். ஷாஃபிஈ மத்ஹபில், போய்ச் சேரும் நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க நிய்யத் செய்தாலே பயணச் சலுகை நின்றுவிடும். எனவே பத்து வாரம் ஓரிடத்தில் தங்கும் மாணவர் அங்கே முழுமையாகவே தொழ வேண்டும். ஜெர்மனி, கனடா போன்ற வடக்கு நாடுகளில் கோடை இரவு மிகக் குறுகியது. இஷா, ஃபஜ்ரு நேரங்கள் நெருங்கி வரும். அவ்வூர்ப் பள்ளிவாசலின் நேர அட்டவணையைப் பின்பற்றுங்கள்.

உணவைப் பொறுத்தவரை, முன்பு கூறிய சந்திரசேகர் தம் குடும்ப வழக்கப்படி வாழ்நாள் முழுதும் மரக்கறி உணவையே உண்டார். வசதிகள் குறைந்த அந்நாளைய கேம்பிரிட்ஜிலும் அதனைக் கைவிடவில்லை. ஹலால் கடைகள் பல நகரங்களிலும் உள்ள இந்நாளில் நம் பிள்ளைகளுக்கு அது கடினமாகாது. சோறும் ரசமும் குழம்பும் சமைக்கக் கற்றுக்கொண்டு செல்லட்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்!

பெண்மக்களைப் பற்றியும் கேட்கிறீர்கள். மஹ்ரமான உறவினர் துணையின்றிப் பெண் நெடும்பயணம் மேற்கொள்வது குறித்து முற்கால இமாம்களிடமும் இக்கால அறிஞர்களிடமும் கருத்து வேறுபாடு உண்டு. அதனை இந்த மேடையில் ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. குடும்பத்தார் தாம் நம்பும் ஆலிமிடம் கலந்து முடிவெடுக்கட்டும். தந்தையோ சகோதரரோ உடன் சென்று விட்டு வரலாமா, உறவினர் வாழும் நகரத்தில் இடம் கிடைக்குமா என்று வழி தேடட்டும். "பெண்ணுக்கு ஆராய்ச்சி எதற்கு?" என்று கேட்டு அவளது விண்ணப்பத்தைக் கிழித்துவிட மட்டும் எந்த மத்ஹபும் சொல்லவில்லை. தலச்சேரியில் பிறந்து சென்னையில் பயின்ற ஜானகி அம்மாள் 1924இலேயே உதவித்தொகை பெற்று அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் சென்றார். தாவரவியல் அறிஞராகத் திரும்பி, கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். கரும்பு விளையும் மாவட்டத்தில் வாழும் நாம் அவர் பெயரை அறிந்திருக்க வேண்டும்.

ஜமாஅத்தின் கடமை

பெரியோர்களே! தேர்வு பெற்ற மாணவனுக்கும் ஒரு தடை வருகிறது. சில திட்டங்களில் விமானக் கட்டணத்தை முதலில் மாணவன் செலுத்த வேண்டும். பின்னரே அது திரும்பக் கிடைக்கும். விசாக் கட்டணம், காப்பீடு, குளிருக்குரிய உடை ஆகியவற்றுக்கும் கையில் பணம் வேண்டும். உதவித்தொகை காத்திருக்க, டிக்கெட்டுக்கு வழியின்றி ஒருவன் வாய்ப்பை இழப்பது எவ்வளவு வேதனை!

ஆகவே நமது ஜமாஅத் ஒரு சிறு நிதியை ஒதுக்கி, இத்தகைய மாணவர்களுக்கு வட்டியில்லா அழகிய கடனாக வழங்க வேண்டும் என்று கோருகிறேன். திரும்பி வந்ததும் தவணைகளில் அவன் செலுத்தட்டும். அடுத்தவருக்கு அது பயன்படட்டும். கணக்கு ஆண்டறிக்கையில் வெளியிடப்படட்டும். பணத்தோடு இன்னொரு கடனும் அவன்மீது இருக்கிறது. வந்த மாதமே நமது பிள்ளைகளை அமர்த்தி, தான் கண்டதையும் கற்றதையும், தோற்ற சோதனைகளையும் சேர்த்து, தமிழில் எடுத்துரைக்க வேண்டும். எட்டாம் வகுப்புச் சிறுவனும் புரிந்துகொள்ளும்படி அதனை விளக்க வேண்டும்.

மகன் வளைகுடா செல்ல விசாவுக்குக் கடன் வாங்கத் தயங்காத நாம், அவன் கற்கச் செல்லப் பத்து வாரம் பொறுத்திருக்கத் தயங்க வேண்டாம். அந்தப் பத்து வாரத்தில் அவன் பணம் அனுப்ப மாட்டான். ஆனால் தெரியாததைத் தேடும் வழியைக் கற்று வருவான். அவனுக்குப் பின்னே வருவோர் அவ்வழியைக் கேட்டறிவர்.

பயனுள்ள கல்வியையும், வாய்மையான நாவையும், நலமுடன் வீடு திரும்பும் பயணத்தையும் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு வழங்குவானாக! அனுப்பி வைக்கும் பெற்றோரின் உள்ளங்களுக்கு அமைதியை அருள்வானாக! ஆமீன்.